காக்கைக்குக் கவளம்! கழுகுக்குக் களம்!

(மதுரையில் நடைபெற்ற இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மதுரையில் இலக்கியம் பேச வருபவனுக்கு அச்சம் வேண்டும். கூடல் என்றும் ஆலவாய் என்றும் புலவர்கள் போற்றிய ஊர் இது. 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் முன்நின்று தமிழ்ச்சங்கம் கண்ட ஊர் இது. இங்கே தெருவோரத்துத் தேநீர்க் கடையில் நிற்கும் தோழர்கூட, 'அந்தப் பாட்டுக்கு அது பொருளன்று ஐயா' என்று சொல்லித் திருத்திவிடக்கூடும். ஆகவே அச்சத்தோடுதான் நிற்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'புறம் கண்ட வீரத்தாய்'. நல்ல தலைப்பு, நாம் ஆயிரம் மேடைகளில் முழங்கிய தலைப்பு. சொல்லி முடிக்குமுன்னே கைத்தட்டலைப் பெற்றுத்தரும் தலைப்பு! ஆயினும் அதன்மீது இன்று நான் பேசப்போவதில்லை. அந்தத் தாயின் தலைக்கு மேலே பறந்த பறவைகளைப் பற்றிப் பேசப்போகிறேன். 'வீரத்தாயை விட்டுவிட்டுக் காக்கையையும் கழுகையும் பேச வந்தானே' என்று நீங்கள் வியப்படையலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு நாடகம் எழுதினேன். திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி செல்லும் சாலையருகே ஒரு சிற்றூரில், கரிசல் மண்ணிலே மேடை கட்டி அதை நடத்தினோம். கடைசிக் காட்சி புறநானூற்றிலிருந்து எடுத்தது. மகன் புறமுதுகிட்டான் என்று கேள்வியுற்ற கிழத்தாய் வாளெடுத்துக் களம் புகுகிறாள். பிணங்களைப் புரட்டுகிறாள். மகன் மார்பிலே புண்பட்டு மாண்டிருக்கக் காண்கிறாள். சிரிக்கிறாள்! வானதிரச் சிரிக்கிறாள்! திரை விழுகிறது. கைத்தட்டல் கடலோசையாய் எழுந்தது. மேடைக்குப் பின்னால் நான் மார்பு நிமிர்த்தி நின்றிருந்தேன்.

ஒரு மூதாட்டி வந்தார். நரைத்த தலை, காலணி காணாத கால்கள். 'தம்பி, நல்லாத்தான் நடிச்சீக. ஒண்ணு கேக்கலாமா?' என்றார். 'கேளுங்கம்மா' என்றேன்.

'என் மகனும் பட்டாளத்துலதான் போனான். ஒங்க நாடகத்துல அந்தத் தாய் சிரிக்கிறா. சரி. வீட்டுக்குப் போயும் சிரிச்சாளா, தம்பி?'

தோழர்களே! எதிர்க்கட்சியார் எழுப்பிய எத்தனையோ கேள்விகளுக்கு மேடையிலேயே விடை கொடுத்தவன் நான். அந்த மூதாட்டியின் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் புறநானூற்றைப் புரட்டினேன். அந்தக் கேள்விக்கு விடை அங்கேயே இருந்தது. நான் எடுத்தாண்ட பாட்டுக்கு முந்திய பாட்டிலே இருந்தது! கைத்தட்டலுக்கு உரியதை எடுத்துக்கொண்டு, கண்ணீருக்கு உரியதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

278ஆம் பாட்டு நான் நாடகமாக்கியது. 277ஆம் பாட்டைப் பாடியவர் பூங்கண் உத்திரையார். அங்கும் ஒரு கிழத்தாய். அங்கும் களத்தில் மாண்ட மகன். யானையைக் கொன்று தானும் வீழ்ந்தவன். செய்தி கேட்ட தாய் அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தாள் என்று பாடுகிறார் புலவர். அதோடு பாட்டு முடியவில்லை. அடுத்து அவள் சிந்திய கண்ணீரைச் சொல்கிறார். மழை பெய்து ஓய்ந்தபின் மூங்கிலிலே தொங்கும் நீர்த்துளிகளைக் காட்டி, அவற்றைக் காட்டிலும் அவள் கண்ணீர்த்துளிகள் பல என்கிறார். மகிழ்ச்சி பெரிது, கண்ணீர் பல! இரண்டையும் ஒரே மூச்சிலே சொல்லி நிறுத்துகிறார். நாமோ முற்பாதியை மேடைக்கு எடுத்துக்கொண்டு பிற்பாதியை ஏட்டிலேயே விட்டுவிட்டோம்.

அந்தத் தாயின் தலைமயிரைப் புலவர் எப்படிக் காட்டுகிறார், தெரியுமா? கொக்கின் தூவியைப்போல வெளுத்த கூந்தல் என்கிறார். பஞ்சைச் சொல்லியிருக்கலாம், நுரையைச் சொல்லியிருக்கலாம். கொக்கைச் சொன்னார், அதிலும் மீனுண்ணும் கொக்கு என்று சொன்னார். கொக்கு எங்கே நிற்கும்? கண்மாயில் நிற்கும். நாற்று நட்ட வயலில் நிற்கும். சோழவந்தான் பக்கம் போய்ப் பாருங்கள். வைகைத் தண்ணீர் பாயும் வயலில் ஒற்றைக்காலில் நின்று ஓடுமீன் பார்த்திருக்கும். அது அமைதிக் காலத்துப் பறவை. உழவன் பக்கத்திலே வாழும் பறவை. களத்திலோ வட்டமிடுவது கழுகு! மகன் கிடந்த களத்தின்மேல் பிணந்தின்னும் பறவை. தாயின் தலைமேல் மீனுண்ணும் பறவையின் வெண்மை. அவள் எந்த உலகத்தைச் சேர்ந்தவள், எந்த உலகத்துக்கு மகனைக் கொடுத்தாள் என்பதை இந்த ஒரு கொக்கு சொல்லிவிடுகிறது. நான் கொள்ளும் பொருள் இது. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

இனி, நான் நாடகமாக்கிய 278ஆம் பாட்டுக்கு வருகிறேன். பாடியவர் யார்? காக்கைபாடினியார் நச்செள்ளையார். பெண்பாற் புலவர். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடியவர். அணிகலனுக்காக ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பெற்றவர் என்று பதிகம் கூறுகிறது. சேரன் அவைக்களத்தில் நிமிர்ந்து நின்ற பெண்மணி! ஆனால் தமிழகம் அவருக்கு இட்ட அடைமொழி எது? பொன் பெற்றதைச் சொல்லவில்லை. போர்க்களம் பாடியதைச் சொல்லவில்லை. காக்கையைப் பாடியவர் என்றே அழைத்தது. குறுந்தொகையின் 210ஆம் பாட்டு தந்த பெயர் அது.

அந்தப் பாட்டின் கருத்தைச் சொல்கிறேன். பிரிந்து சென்ற தலைவன் வீடு திரும்பினான். 'நான் வரும்வரை தலைவியைத் தேற்றி வைத்திருந்தாயே' என்று தோழியைப் பாராட்டுகிறான். தோழி சொல்கிறாள்: 'தேற்றியவள் நானல்லேன். விருந்து வரும் என்று கரைந்ததே காக்கை, அது தேற்றியது. நள்ளியின் கானத்து ஆயர்களுடைய பசுக்கள் தந்த நெய்யையும், தொண்டியிலே விளைந்த வெண்ணெல்லின் சோற்றையும் ஏழு கலங்களில் ஏந்தினாலும் அந்தக் காக்கைக்கு இடும் பலியாகப் போதாது' என்கிறாள்.

இப்பொழுது இரண்டு பாட்டையும் அருகருகே வையுங்கள். ஒருத்தியே பாடிய இரண்டு பாட்டுகள்! ஒன்றிலே வீட்டு வாசல்; மற்றதிலே போர்க்களம். ஒன்றிலே வருவான் என்று கரையும் காக்கை. மற்றதிலே வாரான் என்று கிடக்கும் பிணம். காக்கையின் குரலைக் கேட்டுக் காத்திருந்த அந்தப் பெண்ணின் வயது முதிரட்டும், கணவன் இருந்த இடத்தில் மகன் இருக்கட்டும். அவளே வாளேந்திப் பிணம் புரட்டுகிறாள். காக்கையைக் கேளாதவரால் களத்தைப் பாட முடியாது. அதை அறிந்துதான் அன்றைய தமிழகம் அவருக்குக் காக்கையின் பெயரைச் சூட்டியதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்; கேட்கத்தான் வேண்டும். 'காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பது மூடநம்பிக்கை அல்லவா? பகுத்தறிவு பேசும் நாம் அதைப் பாராட்டலாமா?' என்பார். நியாயமான கேள்வி. மூடநம்பிக்கைதான், ஐயமில்லை. காக்கைக்குப் பசி தெரியும். பாசறைச் செய்தி தெரியாது. ஆனால் நோயைக் கண்டால் அது எதனால் வந்தது என்று கேட்பதும் பகுத்தறிவுதானே? அந்தப் பெண் ஏன் காக்கையைக் கேட்டாள்? கேட்பதற்கு வேறு யாரும் இல்லாததால் கேட்டாள்! கடிதம் இல்லை, தூதன் வந்தால் அரண்மனைக்கு வருவான், குடிசைக்கு வரமாட்டான். மாண்டவர் பட்டியலை எந்த மன்னனும் முரசறைந்து சொல்லவில்லை. போருக்கு அழைக்கும்போது ஊர்தோறும் முரசு! போரில் மாண்டதைச் சொல்ல ஓர் ஊமை ஓலைகூட இல்லை! மனிதர் வாய் மூடிக்கொண்டால், மக்கள் பறவையின் வாயைப் பார்ப்பார்கள். ஆள்வோரின் மௌனத்திலேதான் மூடநம்பிக்கை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. காக்கையைக் கேட்ட பெண்ணை நகைக்குமுன், அவளுக்குச் செய்தி சொல்ல மறுத்தவனைக் கேளுங்கள்.

அடுத்து ஒரு மயில். முல்லைப்பாட்டு, பத்துப்பாட்டிலேயே சிறியது, 103 அடிகள். பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். மன்னன் பாசறையிலே இருக்கிறான். மனைவி மாளிகையிலே இருக்கிறாள். அவளைத் தேற்ற முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நற்சொல் கேட்டு வருகிறார்கள். 'உன் தாய் இப்பொழுதே வந்துவிடுவாள்' என்று ஓர் ஆயர்மகள் கன்றைத் தேற்றுகிறாள். அதையே நல்ல குறியாகக் கொண்டு வந்து சொல்கிறார்கள். தலைவி தேறவில்லை. நடுங்குகிறாள். எப்படி நடுங்குகிறாள்? அம்பு தைத்த மயிலைப்போல என்கிறார் புலவர்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அம்பு எய்கிறவன் எங்கே இருக்கிறான்? காட்டைத் தாண்டிப் பாசறையிலே இருக்கிறான். அவன் எய்வது யாரை? பகைவனை. ஆனால் அம்பு தைத்தாற்போல நடுங்குவது யார்? அவன் வீட்டுப் பெண்! குறி ஒன்று, புண் மற்றொன்று! 'போர் எங்கோ எல்லையில் நடக்கிறது, நமக்கென்ன' என்று பேசுவோர்க்கு அந்த மயிலைக் காட்டுங்கள்.

அந்தப் பாட்டிலே மன்னனும் உறங்கவில்லை. ஒரு கையைப் படுக்கையிலே ஊன்றி, ஒரு கையால் தலையைத் தாங்கி, புண்பட்ட யானைகளையும் உணவு மறுக்கும் குதிரைகளையும், அவனுக்காக மாண்ட மறவர்களையும் எண்ணிக் கிடக்கிறான். பாசறையிலே இடுப்பில் வாள் செருகிய பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். போர் ஆடவரின் தனிச்சொத்தென்று எவன் சொன்னான்? களத்தின் விளக்கும் பெண்ணின் கையில். வீட்டின் இருளும் பெண்ணின் கண்ணில்!

இனி நம் மதுரைக்கே வருவோம். நெடுநல்வாடை! பாடியவர் நக்கீரர், 188 அடிகள். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியதாகச் சொல்வார்கள். சேரனும் சோழனும் வேளிரும் திரண்டு வந்தபோது இளம்பருவத்திலேயே எதிர்த்து நின்று வென்றவன் அவன். அப்பேர்ப்பட்ட வெற்றிவேந்தனைப் பாடவந்த புலவர் எதிலே தொடங்குகிறார்? வெற்றிமுரசிலா? வாளிலா? இல்லை. குளிரிலே தொடங்குகிறார். வாடைக்காற்று வீசுகிறது, கன்றைப் பால் குடிக்க விடாமல் பசு உதைக்கிறது, மரத்திலிருந்த பறவைகள் விறைத்துக் கீழே விழுகின்றன. வெற்றிப்பாட்டின் வாசலிலேயே விழுந்துகிடக்கும் பறவைகள்!

ஊருக்குள்ளே வந்தால் வீட்டுப் புறாக்கள். செங்கால் புறா தன் பேடையோடு மன்றத்துக்குப் போய் இரை தேடுவதை மறந்து, இரவு எது பகல் எது என்று அறியாமல், வீட்டுச் சட்டத்திலே கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறது. நம் வீட்டுத் தாய்மார்கள் இரவிலே கதவருகே கால்மாற்றி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காட்சிதான். அதற்கு அப்பால் அரண்மனை; உள்ளே நாற்பது ஆண்டு வாழ்ந்த யானையின் தந்தத்தால் கடைந்த வட்டக்கட்டில்; அதன்மீது அரசி. அணி களைந்து, ஒப்பனை துறந்து கிடக்கிறாள். மேற்கட்டியிலே திங்களோடு உரோகிணி இணைந்திருக்கும் ஓவியத்தைக் கண்டு பெருமூச்சு விடுகிறாள். புறாவுக்காவது அருகில் துணை உண்டு, பாண்டிமாதேவிக்கு இல்லை. மாடப்புறாவும் மாளிகை அரசியும் மயங்கி நிற்கும் இரவு அது. தந்தக் கட்டில் வாடையைத் தடுக்கும், பிரிவைத் தடுக்குமா?

அவளுக்காகக் கொற்றவையிடம் வேண்டுகிறாள் ஒருத்தி. என்ன வேண்டுகிறாள்? இன்னும் பத்து நாடு வேண்டும் என்றா? வெற்றியைத் தந்து இப்போரை இப்பொழுதே முடித்துவிடு என்று வேண்டுகிறாள். வெற்றியும் வேண்டுகிறாள், முடிவும் வேண்டுகிறாள். பாட்டின் கடைசியில் மன்னன் வருகிறான். வெற்றியுலாவா? இல்லை. நள்ளிரவிலே, மழைத்துளி வீசும் பாசறையிலே, வேம்பு சூட்டிய வேலால் படைத்தலைவன் காட்டக் காட்ட, புண்பட்ட மறவர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அங்கே பாட்டை முடித்துவிட்டார் நக்கீரர். வென்றவனைப் பாடிய பாட்டு விழுந்த பறவைகளில் தொடங்கிப் புண்பட்ட மனிதர்களில் முடிகிறது. பாண்டியனைப் பாடி வாழ்ந்த புலவர், பாண்டியனுக்கு இதைக் காட்டியிருக்கிறார். புகழ் பாடுவது வேறு, பொய் பாடுவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

களத்துப் பறவைகளையும் பார்க்கத்தான் வேண்டும். புறநானூற்றின் 291ஆம் பாட்டிலே ஒரு பெண் பேசுகிறாள். கணவன் புண்பட்டுக் கிடக்கிறான். அருகே இருக்கும் சிறுவர்களையும் துடி கொட்டுவோரையும் பாணர்களையும் அழைத்து, 'வெள்ளாடை உடுத்திய என் கரிய தலைவனின் பக்கத்திலே நில்லுங்கள். பெரும்பறவைகளின் கூச்சலை விலக்குங்கள். நரிகளை நான் விளரிப்பண் பாடி விரட்டுகிறேன்' என்கிறாள். வாசற்காக்கையைச் சோறிட்டு அழைத்த அதே பெண் குலம், களத்துப் பறவையைக் கை வீசி விரட்டுகிறது. அழைத்த பறவை அவனைக் கொண்டுவரவில்லை. அழைக்காத பறவை அவனைக் கொண்டுபோக வந்திருக்கிறது. தோழர்களே, போர்க்காலத்துப் பெண்ணின் வாழ்வு முழுவதும் இந்த இரு பறவைகளுக்கு நடுவேதான்!

கழுகுக்குக் கட்சி இல்லை, கொடி இல்லை. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் பெருவிறற்கிள்ளியும் பொருத களத்தை 62ஆம் பாட்டிலே கழாத்தலையார் காட்டுகிறார். இரு வேந்தரும் மாண்டார்கள். வென்றவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. இருவர் படையிலும் வீழ்ந்தவரின் மனைவியர் கீரை உண்ணவில்லை, நீராடவில்லை, கணவர் மார்பைத் தழுவிக் கிடந்தார்கள் என்கிறார். எந்தப் பெண் சேரநாட்டாள், எந்தப் பெண் சோழநாட்டாள் என்று புலவர் பிரிக்கவில்லை. பிரிக்க முடியவில்லை!

அதற்குப் பின்னே வரும் நாட்கள்? 248ஆம் பாட்டைப் பாருங்கள். ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. இளமையிலே தழையாடையாக உதவிய அல்லி, கணவனை இழந்தபின் வேளை தவறி உண்ணும் புல்லரிசி உணவாயிற்று என்று ஒருத்தி சொல்கிறாள். விதவை என்ற பெயரால் சமுதாயம் அவள்மீது சுமத்திய கொடுமையும் அதிலே சேர்ந்திருக்கிறது. கணவனைப் போர் தின்றது. அவளை வழக்கம் தின்றது!

2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. நம் வைகைப் பள்ளத்தாக்கிலே! ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனுக்கு எடுத்த கல்லும் அவற்றிலே உண்டு. ஊர்ப்பெயர் இருக்கிறது, பூசல் இருக்கிறது, மாண்டவன் பெயர் இருக்கிறது. மகிழ்கிறோம், நம் மொழியின் தொன்மைக்குச் சான்று என்று பெருமை கொள்கிறோம். அவனைப் பெற்றவள் பெயர்? அவனுக்காகக் காக்கைக்குச் சோறு வைத்தவள் பெயர்? கல்லிலே இல்லை. கல் சொல்லாததைச் சொல் சொல்லிற்று. அந்தச் சொல்லைச் சொன்னவர்களிலே பலர் பெண்கள்.

'வீரத்தை இகழ்கிறாயா?' என்று ஐயுற வேண்டாம். நாடு காக்க நிற்பவனை இகழும் நாக்கு எனக்கில்லை. சிவகங்கைச் சீமையிலே ஒக்கூர் உண்டு. ஒக்கூர் மாசாத்தியார் என்றொரு பெண்பாற் புலவர். முன்னாள் தந்தையை இழந்து, நேற்றுக் கணவனை இழந்து, இன்று போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனுக்குத் தலைவாரி, வேல் கொடுத்து அனுப்பிய பெண்ணை 279ஆம் பாட்டிலே காட்டியவர். நம் பேச்சாளர்கள் அனைவருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தப் பாட்டின் முதற்சொல் என்ன? 'கெடுக' என்பது! வியப்பின் மிகுதியால் வந்த சொல் என்பார்கள் உரை வல்லார், ஏற்கிறேன். ஆயினும் புகழ வந்த பாட்டு, சாபத்தின் சொல்லிலே ஏன் தொடங்குகிறது? அந்தத் துணிவைக் கண்டு கைகுவிக்கும் புலவருக்கு உடலும் நடுங்கியிருக்கிறது. நாம் கைகுவித்தோம், நடுங்க மறந்தோம். அதுதான் நம் குற்றம், என் குற்றம்.

உலகம் இதை மெல்ல மெல்லத்தான் கற்றது. இரண்டாம் உலகப் போரிலே சோவியத் நாட்டுக்காகப் போரிட்ட பெண்களைத் தேடிச் சென்று, அவர்கள் வாய்மொழியைத் தொகுத்து, 1985இல் நூலாக்கினார் சுவெத்லானா அலெக்சியேவிச். 2015இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. வெற்றியின் கதையை ஆண்கள் சொல்லி முடித்தபின், போரின் கதையைப் பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். நம் மொழியிலே நச்செள்ளையாரும் மாசாத்தியாரும் உத்திரையாரும் எப்போதோ தொடங்கிவிட்டார்கள். நாம்தான் பாதி கேட்டு எழுந்து போய்விட்டோம்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். கடலுக்கு அப்பாலே, ஈழத்திலே, 2009 மே மாதத்தில் போர் முடிந்தது என்றார்கள். யாருக்கு முடிந்தது? 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் சாலையோரத்திலே அமர்ந்தார்கள். கையிலே மகனின் படம், மகளின் படம், கணவனின் படம். அவர்கள் நாடு கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி: 'எங்கே?' சிலர் தம் பிள்ளையைத் தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்தவர்கள். 'உண்டு' என்றாவது சொல்லுங்கள், 'இல்லை' என்றாவது சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். விடை தெரியாமலே அவர்களில் பலர் கண் மூடினார்கள். அவர்கள் வீட்டு வேலியிலும் காக்கை கரைந்திருக்கும். அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்திருப்பாள். அதை மூடநம்பிக்கை என்பீரா? விடை சொல்லக் கடமைப்பட்ட அரசு வாய் மூடியிருக்கும்வரை, அந்தக் காக்கை கரைந்துகொண்டேதான் இருக்கும்!

ஆகவே கழகத் தோழர்களுக்கும் கட்சி நண்பர்களுக்கும் என் வேண்டுகோள்கள் சிலவே. வீரத்தாயைப் பற்றி முழங்குங்கள். முழங்கியபின் அவள் கண்ணீரையும் சொல்லுங்கள். 278ஐச் சொல்கிற வாய் 277ஐயும் சொல்லட்டும். உங்கள் ஊரிலே படையில் பணியாற்றி மாண்டவன் வீடு இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை மாலையோடு மட்டும் போகாதீர்கள். ஓய்வூதியம் வந்ததா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்கப் போங்கள். ஈழத்துத் தாய்மார்களுக்காகக் கூட்டம் போடுங்கள். ஆனால் பேச்சாளர் வரிசையிலே பத்து ஆண்களை அடுக்கிவிட்டுப் பெண்களைப் பாயில் அமர்த்தாதீர்கள். போரைப் பாடும் தகுதி பெண்ணுக்கு உண்டு என்று சேரன் அவைக்களம் ஒப்பியது. நம் மேடை ஒப்பவில்லை என்றால் நாம் யாருடைய வழித்தோன்றல்கள்?

முடிக்குமுன் இன்னும் ஒரு சிறகொலி. அகநானூற்றின் 4ஆம் பாட்டு. குறுங்குடி மருதனார் பாடியது. வினைமேற் சென்ற தலைவன் தேரேறித் திரும்பி வருகிறான். வழியிலே பூத்த சோலை. பூக்களிலே துணையோடு இருக்கும் வண்டுகள். அவற்றைப் பறவை என்றே புலவர் சொல்கிறார். தேர்மணி ஒலித்தால் அவை அஞ்சிப் பிரியுமே என்று, மணிகளின் நாவை இழுத்துக் கட்டிவிட்டு ஓட்டுகிறானாம்! வேல் பிடித்த கை, சின்னஞ்சிறு சிறகுக்காக மணியின் நாவைக் கட்டுகிறது. தமிழன் கண்ட வீரத்தின் உச்சி அதுவென்பேன் நான்.

என் நாடகத்தின் கடைசிக் காட்சியை மாற்றி எழுதிவிட்டேன். களத்திலே சிரித்த தாய் வீடு திரும்புகிறாள். விளக்கில்லை. உலையில் நேற்றைய சோறு இருக்கிறது. வேலியிலே ஒரு காக்கை கரைகிறது. அவள் ஒரு கவளத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள்; பிறகுதான் நினைவு வருகிறது. கவளத்தோடு நிற்கிறாள். திரை விழுகிறது. வசனம் இல்லை. அடுக்குமொழியால் வாழ்ந்தவன் எழுதிய காட்சியில் ஒரு சொல்லும் இல்லை! அடுத்த மாதம் அதே சிற்றூரில் அரங்கேற்றுகிறோம். அந்த மூதாட்டிக்கு முன்வரிசையில் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கைத்தட்டல் வருமா என்று தெரியாது. அவர் இன்னொரு கேள்வி கேட்டால், அதையும் கேட்டுக்கொண்டு வருவேன்.

அதுவரை, நம் மேடை மணிகளின் நாவையும் சற்றே கட்டிவைப்போம். கால்மாற்றி நிற்கும் அந்தப் புறாக்களின் ஓசை நம் காதுக்கும் எட்டட்டும்.